பகைவன் பக்கத்துக் கதை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் வாழும் நம் பிள்ளைகள் விரும்பும் கணினி விளையாட்டுகளுள் ஒன்று கருதத்தக்க பாடம் புகட்டுகின்றது.

பங்கி நிறுவனத்தார் 2001-இல் ஆக்கிய ‘ஹேலோ’ என்னும் விண்போர் விளையாட்டில், ஆடுவோர் மாஸ்டர் சீஃப் என்னும் மனிதகுல வீரனாக மட்டுமே பொருதனர். 2004-இல் வந்த இரண்டாம் பாகமோ, அவர்களைப் பகைப்படையின் ஆர்பிட்டராகவும் மாறி மாறிப் பொரச் செய்தது. தோல்விக்காகத் தன் தலைவர்களால் தண்டிக்கப்பெற்றவன் அவன். இறுதியில் மனிதரோடு கைகோத்தான். பகைவனுக்கும் மானமும் துயரும் உண்டென்பதை ஆடினோர் உணர்ந்தனர்.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. குழித்துறைக்கும் பாறசாலைக்கும் இடையே இரயிலில் எல்லை கடக்கும் நாம், அவ்வரலாற்றை ஒரு பக்கமாகவே பிள்ளைகளுக்கு உரைத்து வருகிறோம். அவர்களோ மலையாளப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் பயில்கின்றனர். அயலார் பக்கத்துக் கதையையும் கேட்டுச் சொல்வோமாக! நம் கதை அதனால் குன்றாது.