ரேடியேட்டரில் உவர்நீர் வேண்டாம்!

ஆரம்பாக்கத்தில் மீன், இறால், நண்டு ஏற்றிச் சென்னைக்குப் புறப்படும் வண்டி, நடுவழியில் எஞ்சின் சூடாகி நின்றால் வியாபாரிக்கு இரட்டை நட்டம். ரிப்பேர் செலவு ஒருபுறம். ஐஸ் கரைந்து சரக்கின் விலை இறங்குவது மறுபுறம். வண்டி சூடாவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நாம் எளிதில் தவிர்க்கக் கூடியது ரேடியேட்டர் அடைப்பு.

எஞ்சினின் சூட்டை வாங்கி வரும் தண்ணீர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடும்போது காற்றுப்பட்டு ஆறுகிறது. குழாயின் உள்ளே அடைத்தாலும், வெளியே தகடுகளின் இடுக்கில் அடைத்தாலும் சூடு வெளியேறாது.

உள் அடைப்புக்கு முக்கியக் காரணம் நாம் ஊற்றும் தண்ணீரே. பழவேற்காடு உவர்நீர் ஏரி. கரையோர ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீரும் உப்புக் கரிக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. உப்பு உலோகத்தை அரிக்க, அந்தத் துருவும் சேர்ந்து வழியை அடைக்கிறது. வெளி அடைப்புக்குப் புழுதியும் பூச்சிகளும் காரணம். கடற்காற்று தகடுகளையும் அரித்துவிடும்.

வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. டிஸ்டில்டு வாட்டரில் கூலண்டை டின்னில் குறித்துள்ள அளவில் கலந்து ஊற்றவும். கலந்தே விற்கப்படும் கூலண்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

2. அவசரத்துக்குக் கிணற்று நீர் ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் வடித்துக் கழுவிவிட்டுக் கூலண்ட் மாற்றவும்.

3. தகடுகளை எஞ்சின் பக்கமிருந்து மிதமான தண்ணீரால் கழுவவும். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கும்.

4. தண்ணீர் துரு நிறமாக இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டவும். ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லவும்.

5. டெம்பரேச்சர் முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கவும். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. குக்கரைப் போல உள்ளே அழுத்தம் இருப்பதால் கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். ஆறுமுன் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

“சந்தை போய்ச் சேர்ந்துவிடலாம்” என்று டிரைவர் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். எஞ்சினே பிடித்துக்கொள்ளவும் கூடும். ஆகவே, தாமதமானாலும் வண்டியை நிறுத்தும் உரிமையை டிரைவருக்குக் கொடுங்கள். ஒரு டின் கூலண்டை வண்டியிலேயே வைத்திருங்கள். எஞ்சின் வேலைச் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பமே.