உக்கிராணம் முதல் கடைசி இலை வரை

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்பு நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் 7.8 அளவில் நிலம் குலுங்கியது. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் தரைமட்டமாயின. உலக நாடுகள் உதவிக்கு ஓடிவந்தன. அந்த உதவி உள்ளே எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். ஒரு பெரிய கல்யாணச் சமையற்கட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

முதலில் கைகொடுப்பது அக்கம்பக்கத்து வீட்டார்தான். வெளியூர்ச் சமையல்காரர் வந்து சேர்வதற்குள் அவர்களே அடுப்பு மூட்டியிருப்பார்கள். காட்மாண்டுவிலும் அப்படித்தான். 70க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மீட்புக் குழுக்கள் மோப்ப நாய்களோடு வந்தன. அவர்கள் உயிரோடு மீட்டது 16 பேரை. மற்றவர்களை மீட்டது ஊர்க்காரர்களும் நேபாள ராணுவமும் போலீசும். இடிபாட்டுக்குள் சிக்கியவருக்கு முதல் நாள்தான் உயிர்நாடி. விமானம் ஏறி வருபவர்களுக்கு அந்த நாள் கிடைப்பது அரிது. அதனால்தான் உள்ளூர் ஆட்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுப்பது அவ்வளவு முக்கியம்.

அடுத்தது வாசல். சமையற்கட்டுக்கு ஒரே வாசல் இருந்தால், வெளியே எத்தனை வண்டி காய்கறி நின்றாலும் ஒவ்வொரு மூட்டையாகத்தான் உள்ளே போகும். காட்மாண்டு விமான நிலையத்தில் இருப்பது ஒரே ஓடுதளம். கனத்த விமானங்கள் இறங்கி இறங்கி அது சேதமாகத் தொடங்கியதால், 196 டன்னுக்கு மேற்பட்டவை இறங்கக் கூடாது என்று தடை விதித்தார்கள்.

பிறகு உக்கிராண அறை. வருகிற சாமானை எண்ணி, பிரித்து, எது எந்த அடுப்புக்கு என்று சொல்கிற இடம். உலக உணவுத் திட்டம் அப்படியொரு கிடங்கை விமான நிலையத்தை ஒட்டி அந்த மார்ச் மாதம்தான் திறந்திருந்தது. நிலநடுக்கத்துக்கு ஒரு மாதம் முன்பு! ஆகவே முதல் நாட்களிலேயே சாமான்களை இறக்கி வைக்க இடம் இருந்தது. ஆனால் கேட்காத பொருள் வந்தால் உக்கிராணம் திணறும். டூனா மீனும் மயோனைசும் வந்திறங்குகின்றன, எங்களுக்கு வேண்டியது தானியமும் உப்பும் சர்க்கரையும் என்று நிதியமைச்சர் ராம் சரண் மகத் வெளிப்படையாகவே சொன்னார். அதனால் நாம் உதவ நினைத்தால் பழைய துணி மூட்டையை விடப் பணம் அனுப்புவதே மேல். வேண்டியதை அங்கேயே, பக்கத்திலேயே வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் பந்தி. வெந்த சோறு அண்டாவிலேயே இருந்தால் யாருக்கும் பசி தீராது. கடைசி வரிசை இலைக்கும் போக வேண்டும். கோர்க்காவின் மலைக் கிராமங்களுக்குப் போகும் பாதைகளை நிலச்சரிவு மூடிவிட்டது. ஹெலிகாப்டர்கள் எல்லா இடத்துக்கும் போதவில்லை. எனவே உலக உணவுத் திட்டம் மலைச் சுமைகூலிகளையும் கோவேறு கழுதைகளையும் அமர்த்தியது. அவர்கள் பாதையைச் செப்பனிட்டுக்கொண்டே அரிசியையும் தகரத்தையும் மேலே கொண்டுபோனார்கள். இந்த மொத்த ஏற்பாட்டிலும் நான் மிக மதிப்பது இவர்களைத்தான்.

பந்தி முடிந்த பிறகும் வேலை ஓயாது. வீடுகளை மீண்டும் கட்டும் பணிக்கான தேசிய ஆணையம் செயல்படத் தொடங்கவே டிசம்பர் ஆகிவிட்டது. வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் என்று பிற்பாடு முடிவானது, அதுவும் மூன்று தவணையாக. முதலில் 50,000. அஸ்திவாரம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்த ஒன்றரை லட்சம். பிறகு மீதி. விதி சரியானதுதான், ஆனால் பொறியாளர் மலையேறி வரும்வரை குடும்பம் தகரக் கொட்டகையில்தான் இருக்க வேண்டியிருந்தது.