விசைப்பலகையில் காணாத குறிகள்

சொல்லைத் தேடி வருந்துவோர் பலர். குறியைத் தேடி வருந்துவோர் சிலரே. ஆயினும், குறி தவறினால் பொருளும் தவறும். மும்பையிலுள்ள தமையனுக்கு ஊரிலிருந்து தம்பி இவ்வாறு எழுதுகிறான் எனக் கொள்வோம்: நான் அங்கே வரவேண்டியதில்லை என்று அப்பா சொன்னார். வராதவர் யார்? ‘நான்’ என்பதற்கு முன்னும் ‘வரவேண்டியதில்லை’ என்பதற்குப் பின்னும் மேற்கோட்குறி இருந்தால், வராதவர் தந்தை. குறி இல்லையெனில், வராதவன் தம்பி என்று கொள்ளவும் இடமுண்டு. தமையன் யாருக்கு ரயில் சீட்டு எடுப்பான்? ஊரைவிட்டு அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு, உறவின் பெரும்பகுதி எழுத்தின் வழியே நடைபெறுகிறது. குரலின் ஏற்ற இறக்கம் கேளாத அவ்விடத்தில் குறிகளே குரலாக நிற்கின்றன.

இக்குறிகளுட் பல, கணிப்பொறியின் விசைப்பலகையில் ஏன் காணப்படவில்லை? அப்பலகை பழைய தட்டெழுத்துப் பொறியின் வழித்தோன்றல். அப்பொறியில் விசைகள் சிலவே. ஆகவே, திறக்கும் மேற்கோளுக்கும் மூடும் மேற்கோளுக்கும் ஒரே நேர்க்குறி. சிறு கோட்டிற்கும் நெடுங்கோட்டிற்கும் ஒரே கோடு. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ‘ஆஸ்கி’ என்னும் குறியீட்டு முறையிலும் 128 இடங்களே இருந்தன. இன்று ‘யூனிகோடு’ முறையில் உலக மொழிகளின் குறிகளுக்கெல்லாம் தனித்தனி எண் உண்டு. குறி உள்ளே இருக்கிறது. அதை அழைக்கும் வழியை அறிந்தால் போதும்.

விண்டோஸ் கணிப்பொறியில், ஆங்கில விசையமைப்பை வைத்துக்கொண்டு, ‘ஆல்ட்’ விசையை அழுத்தியபடியே, வலப்புறமுள்ள எண் விசைகளில் 0147 எனத் தட்டி, விரலை எடுத்தால் திறக்கும் இரட்டை மேற்கோள் தோன்றும். 0148 மூடும் மேற்கோள். 0150 என்பது, 1947–1950 என ஆண்டுகளை இணைக்கும் இடைக்கோடு, 0151 அதனினும் நெடிய கோடு, 0133 முப்புள்ளி. எண் விசைத் தொகுதி இல்லாத மடிக்கணிப்பொறியாயின், விண்டோஸ் விசையுடன் முற்றுப்புள்ளி விசையைச் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பலகை திறக்கும். அதன் குறிகள் பகுதியில் வேண்டியதைத் தெரிந்தெடுக்கலாம். மேக் கணிப்பொறியில் ‘ஆப்ஷன்’ விசையுடன் சிறுகோட்டு விசை இடைக்கோட்டைத் தரும். ‘ஷிஃப்ட்’ விசையும் சேர்ந்தால் நெடுங்கோடு.

இனி, பணத்தின் குறி. ‘ரூ.’ என்றெழுதினால் தமிழர்க்கு விளங்கும்; பிற மொழியினர்க்கு விளங்குவதில்லை. ஆங்கிலச் சுருக்கமோ, ரூபாய் என்னும் பெயரில் நாணயம் வழங்கும் அண்டை நாடுகளுக்கும் பொது. இக்குறையை நீக்கவே, 2010 ஜூலை 15-ஆம் நாள் ₹ என்னும் குறியை இந்திய அரசு ஏற்றது. அதை வரைந்த த. உதயகுமார் தமிழர், மும்பை ஐ.ஐ.டி.யில் ஆய்வு பயின்றவர். பின்னர் குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானவர். விண்டோஸில் ‘ஆங்கிலம் (இந்தியா)’ என்னும் விசையமைப்பைத் தெரிந்தெடுத்து, வலப்புற ‘ஆல்ட்’ விசையுடன் 4-ஐ அழுத்தினால் இக்குறி தோன்றும்.

நம் பாட்டனார் காலத்துக் கணக்கேடுகளில் ரூபாய்க்கு ௹ என்ற குறி இருந்தது. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵. பற்றுக்கும் வரவுக்கும் வேறு குறிகள். 2003-இல் இவையும் யூனிகோடில் இடம்பெற்றன. ‘வேர்ட்’ என்னும் எழுத்துச் செயலியில் பூஜ்யம், பி, எஃப், ஒன்பது என்னும் நான்கையும் ஆங்கில விசைகளால் அடுத்தடுத்துத் தட்டி, உடனே ‘ஆல்ட்’ விசையுடன் ‘எக்ஸ்’ விசையை அழுத்தினால், அந்நான்கும் மறைந்து ௹ தோன்றும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் மனனம் செய்ய வேண்டுவதில்லை. நித்தம் வேண்டுவன நான்கைந்தே. அவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கணிப்பொறியின் அருகே ஒட்டிவைத்தால், சின்னாட்களில் விரல்களே அறிந்துகொள்ளும். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கும்போது, ௹ முதலிய பழங்குறிகளையும் சேர்த்துக் காட்டுவோமாக. தமிழெழுத்தைப் பள்ளியிற் காண வாய்ப்பில்லாத இடங்களில் வளரும் அவர்களுக்கு, பாட்டனாரின் கணக்கேட்டைப் படிக்க ஒரு வழி அதனால் திறக்கும்.