செங்கோட்டைக் குரலும் மூன்று நிமிட இசைத்தட்டும்



தென்காசியிலிருந்து மேற்கே மலையை நோக்கிச் செல்லும் சாலையில் சில கல் தொலைவில் இருப்பது செங்கோட்டை. இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கிய அவ்வூர், 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்திருந்தது. அங்கே 1906 ஆகஸ்டு 25ஆம் நாள் கங்காதர ஐயருக்கு மகனாய்ப் பிறந்தவரே எஸ். ஜி. கிட்டப்பா. தமிழ் நாடக மேடையில் அவருக்கு இணையான புகழ் பெற்ற பாடகர் அரியர்.

அவருடைய இசைத்தட்டுகளை இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம். கேட்ட மாணவர் சிலர், “குரல் மெலிந்து கீச்சென்றிருக்கிறதே, இதற்கா அத்தனை கூட்டம் கூடியது?” என்று வினவுகின்றனர். நேர்மையான கேள்விதான். விடை காண, முதலில் மேடைக்கும், பிறகு தட்டுக்கும் செல்ல வேண்டும்.

கிட்டப்பா இளமையிலேயே சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில் பயின்றவர். பின்னர்க் கன்னையாவின் நாடகக் கம்பெனியில் பெயர் பெற்றார். அந்நாளைய கொட்டகைகளில் ஒலிபெருக்கி கிடையாது. இரவு உணவுக்குப் பின் தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். குழந்தைகள் அழும், சோடா விற்பவன் கூவுவான். இவற்றையெல்லாம் தாண்டிக் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். ஆதலால் நாடக நடிகர்கள் நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் பாடினர். இன்று கச்சேரி மேடையில் ஆண் பாடகர் பலர் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் பாடுவதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உச்சச் சுருதி ஏன் தொலைவில் கேட்கிறது? குற்றாலத்தில் பேரருவியின் அருகே நின்று நண்பனைத் தாழ்ந்த குரலில் அழைத்துப் பாருங்கள். அருவியின் ஓசை அக்குரலை விழுங்கிவிடும். குரலை மேலே ஏற்றிக் கூவினால் அவன் திரும்பிப் பார்ப்பான். நம் செவி நொடிக்கு 2,000 முதல் 4,000 வரையிலான அதிர்வுகளைக் கூர்மையாக உணரும் இயல்புடையது. உயர்ந்த, இறுக்கமான குரலின் மேற்சுரங்கள் அவ்வெல்லைக்குள் வலுவாக விழுகின்றன. அந்தக் ‘கீச்’சென்ற தன்மையே அன்று பாடகரின் ஒலிபெருக்கி.

1926இல் கொழும்பில் கே. பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் மேடையில் சேர்ந்தனர். மறு ஆண்டு மணந்துகொண்டனர். இருவரும் நடித்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் சிறப்பு தினைப்புனத்தில் நிகழும் தர்க்கம். வேடனாய் வந்த முருகன் ஒன்று கேட்பான், வள்ளி எதிர்த்துரைப்பாள், அவ்விடைக்கு ஏற்ற பாட்டு அந்தக் கணமே பிறக்கும். “ஒன்ஸ்மோர்” என்ற குரல் எழுந்தால் பாடிய பாட்டு மீண்டும் வரும். ஆனால் முன்போல் வராது, வேறு சங்கதிகளோடு வரும். சபையும் பாட்டின் ஒரு பங்காளி என்றே சொல்ல வேண்டும்.

இனித் தட்டுக்கு வருவோம். அரக்கு கலந்து செய்த பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். விடிய விடியப் பாடியவர், சபையில்லாத மூடிய அறையில், மூன்று நிமிடத்துக்குள் எடுத்து முடித்தாக வேண்டும். தர்க்கம் போயிற்று, ஒன்ஸ்மோர் போயிற்று. இன்னொரு நுட்பமும் உண்டு. தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல வேண்டும். அதற்குரிய தட்டை 82 அல்லது 83 சுற்றில் ஓட்டினால் சுருதி அரைக் கட்டை அளவு ஏறிவிடும், குரலும் மெலிந்து ஒலிக்கும். பழைய தட்டுகளைப் பெயர்த்துப் பதிவு செய்தோர் எல்லாரும் இதில் கவனம் செலுத்தினர் என்று சொல்வதற்கில்லை.

இவ்விடர்ப்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைத்தளையில் உழன்ற கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வளர்த்த இசை ‘புளூஸ்’ எனப்படும். பெரும்பாலும் ஓரடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறும் அமைப்புடையது. சாவடிகளில் ஆடுவோர் களைக்கும் வரை நீண்ட அப்பாட்டும் தட்டில் ஏறியபோது மூன்று நிமிடமாய்ச் சுருங்கியது. ராபர்ட் ஜான்சன் என்பவர் 1936, 1937ஆம் ஆண்டுகளில் டெக்சாஸில் 29 பாடல்களைப் பதிவு செய்தார். 1938இல் 27 வயதில் இறந்தார். கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் நாள் மறைந்தபோது அவருக்கும் வயது 27. வயது ஒத்தது தற்செயலே. அதில் மர்மம் தேடுவது வீண். மேடையில் அவர்களைக் கண்டவர் மறைந்த பின் தட்டுகளே சாட்சியாய் நின்றன என்பதுதான் கருதத்தக்கது.

கணவர் மறைந்தபின் சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டார். வேறோர் ஆணுடன் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் ஆண் வேடமாகிய நந்தனாராகவே நடித்ததும், அதற்கு அந்நாளிலேயே ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதும் பலர் அறிந்தவை. 1980 வரை வாழ்ந்த அவர் குரலை மைக்கும் திரைப்படமும் பல வயதுகளில் காத்துத் தந்தன. அப்பேறு கிட்டப்பாவுக்கு வாய்க்கவில்லை.

தியாகையரின் ‘எவரனி’ என்னும் கிருதியைக் கிட்டப்பா பாடிய தட்டு, தெலுங்கு அறியாத ரசிகரிடையிலும் பரவியது. முதலில் அதைக் கேளுங்கள். மேல் ஸ்தாயியில் குரல் நிற்கும் இடங்களில் இரைச்சலை மறந்து, சுரம் அசைகிறதா என்று கவனியுங்கள். விரைவாக உருளும் பிருகாக்களில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே விழுகிறதா என்று பாருங்கள். பின்னர், கிட்டப்பா பாணியைப் பின்பற்றி வளர்ந்த டி. ஆர். மகாலிங்கம், 1945இல் ‘ஸ்ரீ வள்ளி’ படத்தில் மைக்கின் முன் பாடியவற்றைக் கேளுங்கள். அங்கே குரலுக்குக் கொட்டகையைக் கடக்கும் வேலையில்லை. ஆயினும் அந்த உச்சச் சுருதி அப்படியே இருப்பதைக் காண்பீர்கள்.