‘ரெண்டும் பொட்டை’ என்றார்கள்... ஆனி மாதத்தில் 15 முயல்கள்!

திருவண்ணாமலை, ரமணாசிரமம் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“தை மாதம் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று, இரண்டு மாத வயதுள்ள இரண்டு வெள்ளை முயல்கள் வாங்கினோம். ‘ரெண்டும் பொட்டை’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே கூண்டில் விட்டோம். சித்திரை கடைசியில் 6 குட்டி. வைகாசி முடிவதற்குள் மறுபடியும் 7 குட்டி. கறிக்கு விற்க மனம் வரவில்லை. என்ன செய்வது?”

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. முயல் வளர்க்கும் பல வீடுகளில் நடப்பதுதான்.

ஈன்ற அன்றே அடுத்த சினை!

மாடு, ஆடு போல முயலுக்குக் குறிப்பிட்ட பருவச் சுழற்சி கிடையாது. ஆண் சேர்ந்த பிறகு, சுமார் 10 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும். அதனால் ஆண் பக்கத்தில் இருந்தால் எந்த நாளும் சினைக்கு வாய்ப்புதான். குட்டி ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். சினைக்காலம் 30 முதல் 32 நாள். வாசகி வீட்டில் இரண்டு ஈற்றுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு மாதம்தான் என்பதைக் கவனியுங்கள்.

வெளிநாடுகளில் வீட்டில் வளர்க்கும் டேகு என்ற சிலி நாட்டுக் கொறிவிலங்கிலும் ஆண், பெண் அடையாளம் தவறிப்போய் இப்படிக் குட்டிகள் பிறப்பதுண்டு. அதன் சினைக்காலம் 90 நாள். முயல் அவ்வளவு அவகாசம் தராது.

இதில் முதலில் நலிவது தாய்தான். ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றை வயிற்றில் சுமக்கிறது. உடல் இளைக்கும், பால் குறையும், குட்டிகள் சாகும். அந்த இரண்டு முயல்களும் ஒரே தாயின் குட்டிகளாக இருந்தால் இன்னொரு கேடும் சேரும். அண்ணன் தங்கை உறவில் பிறக்கும் குட்டிகளில் வளர்ச்சிக் குறைவும் இறப்பும் கூடும்.

இன்றே செய்ய வேண்டியவை

* ஆண் முயலை இப்போதே தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். குட்டிகளை ஆண் கடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த சினையைத் தடுப்பதுதான் முக்கியம்.

* பிரித்த தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறியுங்கள். தாய் ஏற்கெனவே மூன்றாவது சினையில் இருக்கலாம். அடுத்த 35 நாளுக்கு அதற்குத் தயாராக இருங்கள்.

* 28-ம் நாள் கூண்டுக்குள் குட்டிப்பெட்டி வைத்து, காய்ந்த புல் போடுங்கள். தாய் தன் ரோமத்தைப் பிடுங்கி மெத்தை அமைத்தால் ஈற்று நெருங்கிவிட்டது என்று பொருள்.

* தாய் முயல் நாளுக்கு ஒரு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். எப்போதும் குட்டியோடு இல்லையே என்று பயப்பட வேண்டாம். குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் பால் குடித்திருக்கிறது.

* வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தீவனத்தை வாட வைத்துக் கொடுங்கள். அடர்தீவனமும் கொஞ்சம் வேண்டும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

* முதல் ஈற்றுக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் வயது வந்துவிட்டது. அவை 3 மாதத்தைத் தொடுமுன் ஆண், பெண் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 15 என்பது 50 ஆகிவிடும்.

ஆணா, பெண்ணா?

குட்டியை மல்லாத்திப் பிடித்து, பிறப்புறுப்பின் இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்துங்கள். சிறு குழாய் போல வட்டமாகத் துருத்தினால் ஆண். நீளவாக்கில் பிளவு தெரிந்தால் பெண். சின்னக் குட்டியில் அனுபவசாலியும் ஏமாறுவார். அதனால் ஒரு மாதத்தில் பார்த்ததை இரண்டரை மாதத்தில் மறுபடி பாருங்கள். வளர்ந்த ஆணில் விதைப்பை தெரியும். பயந்தால் அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

செய்யக் கூடாதவை

கருவைக் கலைக்க நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின் போன்ற மனித மருந்துகளை முயலுக்கு வாய்வழி கொடுத்தால் குடல் கெட்டு, கழிச்சல் கண்டு செத்துப்போகும்.

மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடுவதும் வேண்டாம். கூண்டில் வளர்ந்த முயல் தெருநாய்க்கு இரையாகும். ஆஸ்திரேலியாவில் 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காக விட்ட முயல்கள் பெருகி, அந்த நாட்டின் மேய்ச்சல் நிலத்தையே அழித்த கதையும் இருக்கிறது.

நிரந்தர வழி

விற்க மனமில்லாதவர்களுக்கு, ஆணுக்குக் காயடிப்பதே நல்ல வழி. முயல் அறுவையில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் செய்யுங்கள். அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடக் கூடாது. அதன் பிறகும் 6 வாரம் பெண்ணோடு சேர்க்காதீர்கள். அதுவரை விந்து தங்கியிருக்கும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

குட்டிகளை வேறு வீட்டுக்குக் கொடுப்பதானால், ஜோடியாகக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வந்த தொல்லை அவர்களுக்கும் வர வேண்டாமே!