கறைபடாக் காசாளர்

அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுவிடுதி நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, விற்பனைப் பணம் பணியாளர் சிலரின் சட்டைப்பையில் மறைவது கண்டு வருந்தினார். ஐரோப்பாவுக்குச் சென்ற கப்பலில், உந்துசுழலியின் சுற்றுகளை எண்ணும் கருவியைக் கண்டார். சுற்றை எண்ணும் சக்கரம் காசை எண்ணாதா? உடன்பிறந்த ஜானுடன் சேர்ந்து 1879இல் காப்புரிமை பெற்றார். ‘கறைபடாக் காசாளர்’ என்று அப்பொறிக்குப் பெயரும் சூட்டினார்.

பின்னாளில் மேம்பட்ட பொறிகளில், விலைக்குரிய விசையை அழுத்தியதும் நெம்புகோல் பற்சக்கரத்தை அத்தனை பற்கள் நகர்த்தும். 9ஐக் கடந்து 0 வருகையில், அதிலுள்ள முனை அடுத்த சக்கரத்தை ஒரு பல் தள்ளும். கூட்டுத்தொகைச் சக்கரங்கள் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், திறவுகோல் உரிமையாளரிடம். மேலெழும் எண்தகடு விலையை வாடிக்கையாளருக்கும் காட்டும். மணியொலியுடன் இழுப்பறை திறக்கும். விசையையே தொடாமல் காசை ஒளித்தவரை மட்டும் பற்சக்கரங்களால் பிடிக்க இயலவில்லை. மணி ஒலிக்காததை உரிமையாளரின் செவிதான் கவனிக்க வேண்டியிருந்தது.