சிறுதீவு மாற்றுச் சிகிச்சை: கொடுப்பவர் யார் என்பது ஏன் முக்கியம்?

நம்மவர்கள் கூடுமிடமெல்லாம் நீரிழிவைப் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. "சதையியின் கலங்களை மாற்றி வைத்தால் இன்சுலின் ஊசியே தேவையில்லையாமே?" என்று அன்பர்கள் சிலர் விசாரிக்கின்றனர். உண்மைதான். ஆனால் அது எல்லோருக்கும் உரிய சிகிச்சை அன்று. நம்மிடையே மலிந்து கிடக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இது செய்யப்படுவதில்லை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில், இரத்தத்தில் சீனி திடீரெனக் குறைவதை உணரமுடியாமல் மயங்கி விழுவோருக்கே பெரும்பாலும் வழங்கப்படுகிறது. பிரித்தானியாவில் 2008 முதல் தேசிய சுகாதார சேவையின் செலவில் நடைபெற்று வருகிறது.

தமிழகத்தார் கணையம் என்று சொல்லும் சதையியினுள்ளே, இன்சுலினைச் சுரக்கும் கலங்கள் சிறுசிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. 1869இல் அவற்றை முதலில் விவரித்த ஜேர்மானியரின் பெயரால் இவை இலங்கர்கான் சிறுதீவுகள் எனப்படுகின்றன. ஒரு சதையியில் சுமார் பத்து இலட்சம் உண்டு. இவற்றை நொதியமிட்டுப் பிரித்தெடுத்து, ஈரலுக்குச் செல்லும் நாளத்தின் வழியே சொட்டுச் சொட்டாக உட்செலுத்துவார்கள். பெரிய சத்திர சிகிச்சை இல்லை.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஊசியை முற்றாக விடவேண்டுமானால் நோயாளியின் எடையில் கிலோவொன்றுக்கு ஏறத்தாழ 10,000 சிறுதீவுகள் வேண்டும். அறுபது கிலோ உள்ளவருக்கு ஆறு இலட்சம்! பிரித்தெடுக்கும்போதே பெரும்பகுதி அழிந்துபோகிறது. கனடாவின் எட்மன்ரன் நகரில் வைத்தியர் ஜேம்ஸ் ஷபிரோ குழுவினர் 2000ஆம் ஆண்டில் ஏழு நோயாளிகளை ஊசியிலிருந்து விடுவித்தபோது, ஒவ்வொருவருக்கும் குறைந்தது இருவரின் சதையி தேவைப்பட்டது. கொடையாளர் கூடக்கூட, அந்நிய இழையங்களுக்கு எதிராக நோயாளியின் உடலில் எதிர்ப்புப் பொருட்கள் பெருகும். நாளை சிறுநீரகம் பழுதடைந்தால் பொருத்தமான ஒன்றைத் தேடுவதே கடினமாகிவிடும். ஆகவே ஒரே கொடையாளரிடமிருந்து போதியளவு பெறுவது பெரிய காரியம்.

அதற்கு எத்தகைய கொடையாளர் நல்லவர்? விந்தையான விடை: சற்றுப் பருத்தவர்! கொழுப்பு மிகுந்த சதையியை முழு உறுப்பாகப் பொருத்துவது சிரமம். ஆனால் அதில் சிறுதீவுகள் அதிகம். மிக இளையோரின் சிறுதீவுகளோ சுற்றியுள்ள இழையத்தோடு ஒட்டிக்கொண்டு எளிதில் பிரிந்து வருவதில்லை.

மூளைச்சாவு அடைந்தவரின் இதயம் உறுப்பை எடுக்கும்வரை இயங்குவதால், சதையிக்கு இரத்தம் தடைப்படுவதில்லை. இதயம் நின்ற பின் கொடுப்பவரிடத்தில் அந்த இடைநேரம் கலங்களை வாட்டும். எனினும் விரைந்து செயற்பட்டால் பயன் கிடைக்கிறது. பிரித்தானியாவில் இரு வகையினரிடமிருந்தும் பெறுகிறார்கள். மூளைச்சாவுக் கொடை மிக அரிதாயிருந்த யப்பானில், கியோத்தோ வைத்தியர்கள் 2004இல் இதயம் நின்றவரிடமிருந்தே தொடங்கினர். 2005இல் அங்கு ஒரு தாய் தன் சதையியில் ஒரு பகுதியை மகளுக்குக் கொடுத்தார். தாயன்பை யார் குறைசொல்வது? ஆயினும் கொடுத்தவருக்கே பின்னாளில் நீரிழிவு வரக்கூடுமாதலால் அம்முறை பரவாததில் வியப்பில்லை.

தன்னுடையதையே தனக்குக் கொடுப்பதும் உண்டு. தீராத சதையி அழற்சியால் முழுச் சதையியையும் அகற்ற நேர்ந்தவர்களுக்கு, அதன் சிறுதீவுகளையே திருப்பிச் செலுத்தும் முறை 1977இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கியது. சொந்தக் கலங்களாதலால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தேவையில்லை. பிறரிடம் பெற்றவர்களோ, தொற்றுநோய்க்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் இடங்கொடுக்கும் அம்மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ளவேண்டும்.

கொடையாளரை எதிர்பாராத வழியும் புலப்படுகிறது. முதற்கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்த சிறுதீவுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டின் பின் ஊசியின்றி இருந்தனர் என 2025இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அவர்களுக்கும் அடக்கும் மருந்து வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 2020 முதல், மறுப்புத் தெரிவிக்காத வயதுவந்தோர் கொடைக்கு இசைந்தவராகக் கருதப்படுவர். ஆயினும் குடும்பத்தாரிடம் கேட்கவே செய்வார்கள். கொடையாளர் பதிவேட்டில் எந்தெந்த உறுப்பு என்று தெரிவுசெய்யலாம். சதையியும் அதில் உண்டு. சமய நம்பிக்கை பற்றித் தம் குடும்பத்தாரோடு பேசவேண்டும் என்று குறிப்பிடவும் இடமிருக்கிறது.